ஈசாக் வாத்தியார் வாங்காத சீட்டு

என் பெரியப்பா ஈசாக் வாத்தியாரைக் காஞ்சிரங்குளத்தில் தெரியாதவர் கிடையாது. நல்ல மனுஷர், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்த ஐம்பத்து நான்கில் அந்தப் பிடிவாதம் தலைக்கே ஏறிவிட்டது.

அந்தச் சமயத்தில் அவர் கையில் ஒரு வேலை இருந்தது. நிலவு இழுக்கும்போது கடல் மட்டுமல்ல, காலடித் தரையும் தினம் இரண்டு தடவை மிகக் கொஞ்சம் எழுந்து தாழும். அதை அளக்க ஒரு பேராசிரியர் பாறைக்குழிக்குள் கருவி வைத்து, குறிப்பெழுதப் பெரியப்பாவை அமர்த்தியிருந்தார். இங்கே கடல் பக்கம் என்பதுதான் சங்கடம். தண்ணீர் ஏறினால் அந்தப் பாரத்தில் கரையும் சாயும், கருவி இரண்டையும் சேர்த்தே காட்டும். இடுப்பில் பிள்ளையோடு தராசில் ஏறியவளின் எடை தெரிய வேண்டுமானால் பிள்ளையின் எடை தெரிய வேண்டாமா? அதற்காகப் பெரியப்பாவின் சினேகிதர், கோட்டுகால் சோமன், விழிஞ்ஞம் கரையில் கம்பு நட்டுக் கடல்மட்டம் பார்த்து, சனிக்கிழமைதோறும் சீட்டு கொண்டுவருவார்.

சீட்டின் தலைப்பில் எப்போதும் 'வேலியேற்றம்' என்றிருக்கும்; கடல் ஏறுவதற்கு சோமன் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்த ஒரு சனிக்கிழமை, பெரியப்பா கண்ணில் அது உறுத்தியது.

"இது மலையாளமாக்கும். கடலுக்கும் வேலி போடுதியளா? ஓதம்னு எழுதிக்கொண்டு வா, வாங்குதேன்."

"எலே, எங்க அப்பன் சொன்ன வார்த்தையாக்கும் அது."

"அப்போ எனக்கு வேண்டாம். கொண்டு போ."

சோமன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவரும் வரவில்லை, இவரும் போகவில்லை. கடல் எங்கே ஓடிவிடப் போகிறது, பிறகு மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று பெரியப்பா இருந்துவிட்டார். ஜுரத்திலும் குழிக்குள் இறங்கித் தரைக்கணக்கை மட்டும் ஒருநாள் விடாமல் எழுதினார்.

ஐம்பத்தாறில் எல்லை போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. அந்த மாதமே பேராசிரியர் வந்து நோட்டுகளைப் புரட்டினார்.

"கடல் கணக்கு எங்கே?"

பெரியப்பா தரைக்கணக்கு நோட்டையே மறுபடி எடுத்து நீட்டினார்.

"அது இல்லாமல் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, வாத்தியார்."

மானத்தை விட்டுப் பெரியப்பா அன்றே கோட்டுகாலுக்கு நடந்தார். என்ன தலைப்பில் இருந்தாலும் சரி, அந்தச் சீட்டுகளைத் தா என்று கேட்டார். சோமன் அவரை உட்காரச் சொன்னார்.

"சீட்டு ஏது மக்கா? நீ வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே கம்பைப் பிடுங்கிப் போட்டேன். உனக்கு வேண்டியல்லவா நான் கடலை அளந்தது?"