குன்வோர் வாங்கிய பெரிய துப்பாக்கி

குன்வோர் சுட்ட மூஸ் மான் சாகாது, ஓடையைத் தாண்டிப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பி வரும் என்று பெட்ரோல் கடையில் யாரோ சொன்னார்களாம். கடைக்காரர் ரொட்டி வண்டிக்காரரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். நான் அவளிடம் சொல்லவில்லை. அதற்கு முன்பே அவள் காதுக்குப் போயிருந்தது.

நடந்தது வேறு. போன இலையுதிர் காலத்தில் அவள் சுட்ட மூஸ், நுரையீரலில் குண்டு வாங்கிக்கொண்டு நூறு மீட்டர் ஓடி விழுந்தது. குதிரையைவிட உயரமான மான். அவ்வளவு தூரம் ஓடத்தான் செய்யும். ஆனால் விழுந்த இடம் ஓடைக்கு அந்தப் பக்கம், அடுத்த வேட்டைக் குழுவின் எல்லைக்குள். எங்கள் தலைவர் ஆஸ்முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்க் கேட்டு வாங்கி வந்தார். அந்த அவமானத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அவளுடைய ஆறரை மில்லிமீட்டர் சின்னத் துப்பாக்கி அகப்பட்டது.

"அது கொசு அடிக்கிறதும்மா," என்றார் ஆஸ்முன், எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது. "இன்னொரு மூஸ் அப்படி ஓடுச்சுன்னா நாலாம் எடத்துல என் மருமகன் நிக்கட்டும்."

காட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற்குமிடம் உண்டு. நான்காவது அவள் அப்பாவுடையது. இருபது வருடமாக அவளுடையது. ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள். ஒரு ஜனவரியில் வண்டி பள்ளத்தில் சரிந்து வலது காறையெலும்பு உடைந்து, கோணலாகக் கூடிவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் அவளுக்கென்று இருந்தது அந்த வண்டியும் அந்த நான்காம் இடமும்தான்.

அவள் தம்பி தோர்கைர், அடிபட்டு ஓடும் மிருகங்களை நாயோடு தேடிப்போய் முடித்துவைக்கிறவன். அந்தக் கோடையில் அவள் சமையலறையில் அவன் கெஞ்சியதை நான் கேட்டேன்.

"அக்கா, தோட்டா மேல இருக்கிற நம்பரை மூஸ் படிச்சா பாக்குது? நான் தேடிப்போனதுல பாதி பெரிய துப்பாக்கியில அடிபட்டதுதான். சுடும்போது துப்பாக்கி தோள்ல உதைக்குமேன்னு பயந்து சுடுறவன் கண்ணை மூடிக்கிறான், குண்டு வயித்துல போகுது. உன் எலும்புக்கு ஆறரையே சரி."

"ஊரு உன்னைப் பாத்துச் சிரிக்கலடா. என்னைப் பாத்துச் சிரிக்குது."

'முந்நூற்று முப்பத்தெட்டு' என்ற பெரிய ரகத் துப்பாக்கி ஒன்று வாங்கினாள். கரடிக்கே போதும் என்று கடையில் சொன்னார்கள். பயிற்சித் திடலில் நான்காவது தோட்டாவுக்கே அவள் முகம் வெளுத்தது. கோட்டுக்குள் தோளில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு, வேட்டைக்கு முன் ஒவ்வொரு வருடமும் வைக்கும் சுடும் தேர்வில் மூன்றாம் முயற்சியில் தேறினாள். கழுத்துவரை கறுத்துக் கன்றியிருந்ததை யாருக்கும் காட்டவில்லை.

வேட்டையின் முதல் நாள். காலையிலிருந்து தூறல். ஒன்பது மணிக்கு நான்காம் இடத்தில் ஒரே ஒரு வெடி. இறைச்சி இழுக்கும் கயிறோடு நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்முன் அங்கே நின்றிருந்தார். மூஸ் இல்லை. சற்று நேரத்தில் தோர்கைரும் நாயும் வந்தார்கள்.

"எங்க பட்டுதுக்கா?"

நுரையீரல் என்றால் அரை மணி நேரத்தில் பின்னாலேயே போகலாம், செத்துக் கிடக்கும். வயிறு என்றால் நாலைந்து மணி நேரம் விட்டுவிட வேண்டும். சீக்கிரம் போனால், படுத்திருக்கும் ஆண் மூஸ் எழுந்து வருகிறவன் மேல் பாயும். ஆஸ்முன் முதல் வாக்கி-டாக்கி ரேடியோவோடு வந்த அவர் மருமகன்வரை எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோளுக்குப் பின்னால," என்றாள். "நுரையீரல்தான்."

"நிச்சயமா? கண்ணு தொறந்திருந்துச்சா?"

"சுட்டது நீயா நானா?"

ஆஸ்முன் சிரித்தார். "பீரங்கிடா தம்பி. நடந்துபோய்ப் பொறுக்கிக்க."

அவள் காட்டிய இடத்தில் தோர்கைர் குனிந்து பார்த்தான். முடியும் இல்லை, ரத்தமும் இல்லை. மழை கழுவியிருக்கும் என்றான். அதற்குள் நாய் தடத்தைப் பிடித்து மேட்டுப் பக்கம் இழுத்தது. அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்து நின்றுவிட்டு ரேடியோவை அணைத்தான். அதன் இரைச்சல் மிருகத்தைக் கிளப்பிவிடும். நாயின் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தேவதாரு மரங்களுக்குள் போனான். மற்றவர்கள் தங்கள் இடங்களுக்குக் கலைந்தார்கள்.

குன்வோர் உட்காரவில்லை. சரிவில் இறங்கி ஒவ்வொரு புதராக விலக்கிக்கொண்டே போனாள். முப்பது அடி கீழே நின்றுவிட்டாள். பழப் புதரின் மேல் கரடுமுரடான வெளிர்நிற முடி, ஒரு கொத்து. பக்கத்தில் பாசியில் பச்சையாக ஏதோ கசிந்திருந்தது. தொட்டு முகர்ந்தாள். நானும் குனிந்தேன். புளித்த புல் நாற்றம்.

"வயிறு," என்றாள்.

மேட்டைப் பார்த்தபடி எழுந்தாள்.

"ஒதைக்குமேன்னு ஒரு நொடி கண்ணை மூடிட்டேன். தொறந்தப்ப அது மேல ஓடிக்கிட்டிருந்துச்சு. மூடறதுக்கு முன்னாடி எங்க பாத்தேன்னுகூட ஞாபகம் இல்ல. சும்மா ஒரு எடத்தைக் காட்டினேன்."

"அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அந்தாளு மருமகன் பக்கத்துலயே நின்னானே."

தோர்கைர் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, போனை எடுத்தாள். விரல் ஈரத்தில் திரை இரண்டு முறை ஏமாற்றியது. மூன்றாம் முறை மணி போயிற்று. அவன் எப்போதும் போனை நெஞ்சுப் பையில், அதிர மட்டும் விட்டு வைத்திருப்பான்.

"எடுடா."

மேட்டில் நாய் குரைத்தது. தடத்தைப் பின்தொடரும்போது நாய் குரைக்காது. எதிரே மிருகம் நின்றால்தான் குரைக்கும். தோர்கைரின் வெடிச் சத்தத்துக்காகக் காத்து நின்றோம். வரவில்லை. குரைப்பு சட்டென்று நின்றது.

மணி போய் ஓய்ந்தது. அவள் மறுபடி அழுத்தினாள். பெரிய துப்பாக்கியைப் பாசியில் போட்டுவிட்டு, போனைக் காதில் இறுக்கியபடியே மேட்டில் ஏறத் தொடங்கினாள்.

"நான் பொய் சொல்லிட்டேன் தோர்கைர், கிட்ட போகாத," என்று இன்னும் யாரும் எடுக்காத போனிடம் சொல்லிக்கொண்டே போனாள். மணி போய்க்கொண்டே இருந்தது.