கொப்பருக்கு வாங்கின அப்பிள்

மாக்கிறேற் எனக்கு மச்சாள் முறை. அவளுடைய புருசன் சில்வெஸ்ரரின் தாயும் என்னுடைய தாயும் கூடப்பிறந்தவர்கள். தாய்மார் இரண்டு பேரும் ஊர்காவற்றுறையில் பக்கத்துப் பக்கத்து வளவில் குடியிருந்தபடியால் பிள்ளைகள் நாங்களும் அப்படியே இருந்துவிட்டோம். இடையில் ஒரு கிடுகுவேலி மட்டும்தான். அந்த வேலியால் கண்டதையும் மாக்கிறேற் வாயால் கேட்டதையும்தான் சொல்கிறேன்.

மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, மீன்பிடிக்கிறவனைக் கட்டி, வள்ளத்தில் கால் வைக்காத பெண் எங்கள் கரையில் அவள் ஒருத்திதான். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தகப்பனும் மூத்த தமையனும் அனலைதீவுப் பக்கம் வலை வைக்கப் போனார்கள். வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. பிறகு தாயால் ஒன்றும் ஏலாமல், கன்னியாஸ்திரிமாரைப் பிடித்து அவளைக் கொழும்புக்கு அனுப்பினாள். கறுவாத்தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வீட்டுக் குசினியில் மாக்கிறேற் வளர்ந்தாள். துரைசானி சீமைக்குத் திரும்பின பிறகுதான் ஊருக்கு வந்து சில்வெஸ்ரர் அண்ணையைக் கட்டினாள். பஸ் போகிற இடமெல்லாம் போவாள். கடல் என்றால் இறங்குதுறைக்கே போகமாட்டாள். ‘மண்ணில நிண்டால் காணும் எனக்கு’ என்பாள்.

துரைசானி வீட்டில் அவள் படித்த ஒரு தின்பண்டம் இருந்தது. அப்பிளைச் சீவி, சீனியும் கறுவாத்தூளும் போட்டுச் சட்டியில் பரப்பி, மேலே கோதுமைமாவை மாஜரினோடும் பாலோடும் குழைத்துக் கட்டி கட்டியாக வைத்து வேகவிடுவது. வெந்து வந்தால் மேற்பக்கம் கல்லுப் பதித்த தெரு மாதிரி இருக்கும். அதற்குத் துரைசானி சொன்ன பெயர் கொப்ளர். எங்கள் வாயில் அது கொப்பர் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் கொப்பர் என்றால் உன்னுடைய தகப்பன் என்று அர்த்தம். சொல்லவும் வேண்டுமோ, அந்த வீட்டில் பகிடிக்குக் குறைவே இல்லை.

அவர்களுக்கு ஒரே ஒரு பிள்ளை, கிறிஸ்தோப்பர். ‘கொப்பரைக் கூப்பிடு’ என்று தாய் சொன்னால் பெடியன் கேட்பான்:

“எந்தக் கொப்பர்? திங்கிற கொப்பரோ, ஏசுற கொப்பரோ?”

சில்வெஸ்ரர் அண்ணை கையை ஓங்குவார், ஆனால் அடிக்கமாட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசல் படலைப் பக்கம் திரும்பிவிடுவார்.

அந்த நாளில் எங்களுக்கு அப்பிள் எங்கே கிடைக்கும்? மாக்கிறேற் புளிமாங்காயைச் சீவிப் போட்டுத்தான் கொப்பர் செய்வாள். வீட்டில் போறணை அடுப்பு இல்லை. ஒரு அலுமினியச் சட்டியை மெல்லிய தணலில் வைத்து, மூடியாக ஒரு தகரத்தைப் போட்டு, தகரத்துக்கு மேலேயும் சிரட்டைத் தணலைக் கொட்டுவாள். மேலும் கீழும் நெருப்பு. கிறிஸ்தோப்பர் அடுப்படியை விட்டு அசையமாட்டான். அவனுக்குக் கொப்பர் என்றால் மாங்காய்தான்.

பெடியன் வளர்ந்து வள்ளங்களுக்கு இயந்திரம் திருத்துகிற வேலை பழகினான். வேலைக்கு அனலைதீவுக்குப் போய்வந்தவன், அங்கே ஆழ்வாப்பிள்ளை என்கிற புகையிலைக் கமக்காரனின் மகள் சறோஜினிதேவியை விரும்பி, அவர்களுடைய சைவக் கோயிலிலேயே தாலி கட்டிவிட்டான். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருசம். சில்வெஸ்ரர் அண்ணை மாதா கோயில் திருநாளில் மாதாவின் சுருவம் தூக்குகிறவர். அங்கே எழுதாத கலியாணம் கலியாணமே இல்லை, என்னுடைய படலையைத் திறக்கப்படாது என்று சொல்லிவிட்டார். கிறிஸ்தோப்பரும் அதே இரத்தம்தானே. ‘அம்மா வந்து என்ர வீட்டில ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கட்டும், என்ர பெஞ்சாதிக்கு அந்த மரியாதை கிடைச்சால் அதுக்குப் பிறகு நானும் வாறன்’ என்று ஆள்வைத்துச் சொல்லிவிட்டான்.

வேறு எந்தத் தாயும் அடுத்த வள்ளத்திலேயே போயிருப்பாள். மாக்கிறேற்றுக்கு அது ஏலாத காரியம். ஒருநாள் துணிந்து இறங்குதுறை வரைக்கும் போனாள், நான்தான் கூடப் போனேன். வள்ளம் அலையில் ஏறி இறங்கினதைக் கண்டதும் என்னுடைய கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டோம். அவளுக்கு மகனைக் காண வேண்டுமென்றால் மகன்தான் வரவேண்டும். பேரப்பெடியன் பிறந்த சேதி வந்தபோதும் இதே நிலைதான். பாஸ்காவுக்கு வா, திருநாளுக்கு வா என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லியனுப்பினாள். போன சேதியெல்லாம் ‘அம்மா வரட்டும்’ என்றே திரும்பி வந்தது.

புருசனும் பெண்சாதியும் மட்டும் உள்ள வீடு. சில்வெஸ்ரர் அண்ணை வலையை வைத்துக்கொண்டு முற்றத்தில் இருப்பார், இவள் குசினியில் இருப்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்பது அகப்பைச் சத்தம் மட்டும்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட, கண் காட்டுவதற்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். ஆஸ்பத்திரி வாசலில் பழக்கடைகள். வருத்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போவதற்காகச் சிவப்பு அப்பிளை ஊதாக் கடதாசியில் சுற்றி அடுக்கி வைத்திருப்பார்கள். கொழும்பை விட்டு வந்த பிறகு அப்பிளைக் கையில் எடுத்துப் பார்த்தது அன்றைக்குத்தானாம். மகனுக்கு ஒரு தரமாவது உண்மையான கொப்பர் செய்து கொடுக்கவேண்டும் என்று அந்த இடத்திலேயே நினைத்துவிட்டாள். ஒரு பை நிறைய வாங்கினாள்.

அந்த நேரம் பார்த்து தம்பையா அங்கே வந்தார். அனலைதீவு ஆள், வள்ளம் ஓட்டுகிறவர், தமக்கையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். மாக்கிறேற் அவரை மறித்தாள். வெறுமனே வா என்று கூப்பிட்டால்தானே வரமாட்டேன் என்கிறான், பழைய பகிடியைச் சொன்னால் சிரித்துக்கொண்டு வருவான் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

“தம்பையா அண்ணை, கொப்பருக்கு அப்பிள் வாங்கியாச்சு எண்டு தம்பியிட்டைச் சொல்லுங்கோ. சனிக்கிழமை வரட்டாம். அவனுக்கு விளங்கும்.”

தம்பையா அவளுடைய முகத்தைப் பார்த்தார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தபடியால் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓம் பிள்ளை, கட்டாயம் சொல்லுறன், நீர் யோசியாதையும் என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு மரியாதையாக ஏன் பேசினார் என்று அவள் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை விடியவே மாக்கிறேற் அடுப்படியில். அப்பிள் வேகிற வாசம் வேலி தாண்டி என்னுடைய வீட்டுக்குள் வந்தது. மத்தியானம் ஆயிற்று, ஆளைக் காணவில்லை. சட்டியை இறக்குவதும், ஆறிப்போகும் என்று திரும்பத் தணலில் வைப்பதுமாக இருந்தாள். எங்கள் ஒழுங்கை முனையால் யாழ்ப்பாணம் போகிற பஸ் போனது. கிறிஸ்தோப்பர் அந்தப் பஸ்ஸுக்குள்தான் இருந்தான் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

வெயில் சாய்கிற நேரம் படலைக்கு வெளியே ஒருவன் வந்து நின்றான். சட்டையெல்லாம் வேர்வை, கையில் ஒரு பை. நான் வேலியால் பார்த்துக் கிறிஸ்தோப்பர் என்று கண்டுகொண்டேன். அவன் தகப்பனைப் பார்த்தபடி நின்றான். சில்வெஸ்ரர் அண்ணை வலைக்கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை அப்படியே பிடித்தபடி நிமிர்ந்தார்.

“என்ன?”

“உங்களுக்குச் சுகமில்லை எண்டு சொன்னவை. பெரியாஸ்பத்திரியில வாட்டு வாட்டாத் தேடினனான்.”

“எனக்கு ஒண்டுமில்லை.”

“சில்வெஸ்ரர் எண்டு அங்கை ஒராள் கிடந்தது. ஓடிப்போய்ப் பாத்தால் வேற மனுசன். அதுக்குப் பாக்க ஆக்களில்லை. ரெண்டு அப்பிளைக் குடுத்திட்டு வந்தனான்.”

அண்ணை ஊசியை வலையில் குத்திவைத்தார்.

“அம்மா எங்கை?”

“குசினியிக்கை.”

கிறிஸ்தோப்பர் நின்றான். உள்ளே வா என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நின்றான், பார்த்த எனக்கே அது விளங்கியது. அண்ணையின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இருட்டினால் கடலில் நேவிக்காரன் விடமாட்டான், கடைசி வள்ளம் போய்விடும். அவன் படலையைத் திறக்கவில்லை. மிச்ச அப்பிள் இருந்த பையைப் படலைக் கம்பில் கொழுவிவிட்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தான்.

இடுக்கியும் கையுமாக மாக்கிறேற் வெளியே வந்து, ஆருடைய சத்தம் கேட்டது என்று கேட்டாள். ‘உன்ர மோன்’ என்றார் அண்ணை. அவள் ஓடினாள். அவள் ஓடி நான் கண்டதில்லை. பின்னால் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வள்ளம் எடுபட்டிருந்தது. அவள் இறங்குதுறைக்குப் போகாமல் தார் றோட்டு முடிகிற இடத்திலேயே நின்று, இடுக்கியை உயர்த்தி உயர்த்திக் காட்டினாள். வள்ளத்தில் இருந்தவர்கள் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குப் பொழுதுபட்ட பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது.

“ஒருக்கா உள்ளுக்கு வா எண்டு சொல்லியிருக்கலாமே.”

“வாய் வரேல்லை.”

பிறகு அண்ணை தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்:

“வாட்டு வாட்டாத் தேடினவனாம்.”

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்த கையோடு தம்பையா ஒரு பை தோடம்பழத்துடன் வந்தார், நோயாளியைப் பார்க்க. நோயாளி கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். தம்பையா தோடம்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு. பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. ஆஸ்பத்திரி வாசல், கண்ணில் தண்ணீர், கையில் அப்பிள், வாயில் கொப்பர். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்று தம்பையா நினைத்திருக்கிறார். கிறிஸ்தோப்பரிடம் போய், கொப்பருக்குக் கடுமையாம், கொம்மா அப்பிள் வாங்கிக்கொண்டு அழுதுகொண்டு நிண்டவ என்று சொல்லியிருக்கிறார்.

மாக்கிறேற் தலையில் கையை வைத்துக்கொண்டு குந்திவிட்டாள்.

“மாங்காய் எண்டு சொல்லிவிட்டிருந்தால் அவனுக்கு விளங்கியிருக்கும்,” என்றாள்.

தம்பையாவுக்கு அதுவும் விளங்கவில்லை. சில்வெஸ்ரர் அண்ணை தலையைத் துவட்டிக்கொண்டு வந்து கேட்டார்:

“வள்ளம் எப்ப போகுது?”

சட்டையைப் போட்டார். குசினிக்குள் போய்க் கொப்பர்ச் சட்டியை ஒரு துணியில் கட்டினார். மாக்கிறேற் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘நீ வாறியோ’ என்று அவர் கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் திரும்பக் கேட்கவில்லை.

பின்னேரம் வெறுஞ்சட்டியோடு திரும்பி வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நானும் போய்ப் படிக்கட்டில் இருந்தேன். அந்த மனுசன் அவ்வளவு கதைத்து நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பேரன் தன்னுடைய மீசையைப் பிடித்து இழுத்தது, மருமகள் முட்டைக்கோப்பி தந்தது, ஆழ்வாப்பிள்ளை தோட்டம் காட்டினது, கிணறு நல்ல தண்ணீர்.

“கொப்பர் திண்டவனோ?” மாக்கிறேற் கேட்டாள்.

“திண்டவன். அப்பிளிலும் பாக்க மாங்காய்தான் நல்லமாம்.”

அவள் சிரித்தாள். பிறகு மெல்லமாகக் கேட்டாள்:

“என்னைப் பற்றி ஏதும் கேட்டவனோ?”

அண்ணை யோசித்தார். முகம் மாறிப்போயிற்று.

“நான்தான் கதைச்சுக்கொண்டிருந்திட்டன். அவனைக் கதைக்க விடேல்லை.”

அதன் பிறகு நேவிக்காரன் கடலில் போக விட்ட ஞாயிறுகளில் அண்ணை அனலைதீவுக்குப் போய்வந்தார். கிறிஸ்தோப்பர் தன்னுடைய சொல்லை மாற்றவில்லை. அப்பு வாறது சரி, அம்மாவும் வரட்டும் என்றே இருந்தான். அவன் கேட்டதிலும் பிழையில்லை. இவளாலும் ஏலவில்லை. மாங்காய்க் காலத்தில் மாங்காய், இல்லாத காலத்தில் கொய்யாக்காய், ஏதோ ஒன்றைப் போட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் கொப்பர் செய்தாள். இறக்கி ஆறவைத்துத் துணியில் கட்டிக் கொடுத்தனுப்புவாள். ஞாயிறு முழுக்கத் தனியே இருப்பாள். அழைத்தால் என் வீட்டுக்கு வருவாள், ஆனால் முகம் கடல் பக்கத்தில் இருக்கும்.

பின்னேரம் சட்டி வரும். சறோஜினிதேவி சாம்பலும் தேங்காய்ப்பொச்சும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அடிப்பக்கத்தில் பொட்டுக் கரி இல்லாமல், வெள்ளி மாதிரித் துலக்கி அனுப்புவாள். மாக்கிறேற் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பாள். கறுத்த சட்டிதான் சூட்டை ஒரே அளவாகப் பிடிக்கும், துலக்கின சட்டியில் அடி ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் கிடக்கும். அதற்காகவே அவள் இத்தனை வருசமாக அந்தக் கரியைத் தொடாமல் வைத்திருந்தவள்.

கரியைத் தேய்க்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடன் என்று நான் சொன்னேன்.

“வேண்டாம் மச்சாள்,” என்றாள். “இதை ஆரிட்டையும் சொல்லிவிட்டால் மாமி குறை சொல்லுறா எண்டுதான் போய்ச் சேரும். நேரில காணேக்க நான் சிரிச்சுக்கொண்டு சொல்லுவன்.”

சட்டியை மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சனிக்கிழமை வர அதைத் திரும்பவும் தணலில் வைத்துக் கறுப்பாக்கினாள். ஞாயிறு பின்னேரம் அது திரும்பவும் வெள்ளையாக வந்தது.