குடும்பப் பேக்கேஜில் நாலாவது ஆள்

அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடங்கள் ஆகிவிட்டன. எல்லோருக்கும் அவள் 'தள்ளுபடி'. மரியாதை தெரிந்தவர்கள் பின்னால் ஒரு 'அக்கா' சேர்ப்பார்கள். முதலாளி அதையும் சேர்ப்பதில்லை. செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டு முடிகிற இடத்தில் அந்த டிராவல்ஸ். மொத்தம் மூன்று மேஜைகள். ஒன்று முதலாளிக்கு. இன்னொன்றில் விசாக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடியை நிறுத்திக்கொண்டு ஊரார் பாஸ்போர்ட்டையெல்லாம் புரட்டிக்கொண்டிருப்பார். ஜன்னலோர மேஜை அவளுடையது. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய தீம் பார்க்குக்கு டிக்கெட்டும் ஓட்டல் அறையும் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

போட்டுக் கொடுப்பது யாருக்கும் வரும். அவளுடைய வாய்தான் மற்றவர்களுக்கு வராது.

"சனி ஞாயிறு வேண்டாம்மா, கொள்ளை அடிப்பான். பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம் போங்க. ஓட்டல்காரன் காலி ரூமைப் பாத்து ஈ ஓட்டிட்டு இருப்பான், கேட்ட விலைக்குத் தருவான்."

"பார்க்குக்குள்ளயே இருக்குற ஓட்டல் எதுக்கு சார்? ஜன்னலைத் திறந்தா ராட்டினம் தெரியுதுன்னு அதுக்கும் சேத்துல்ல காசு வாங்குறான். ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒண்ணு இருக்கு. காலைல அவனே வேன்ல கொண்டுபோய் விட்டுடுவான்."

"பையன் கேட்ல போட்டிருக்குற உயரக் கோட்டுக்குக் கீழ இருக்கானா? அப்ப அரை டிக்கெட்தான். வளர்றதுக்குள்ள போயிட்டு வந்துடுங்க."

அறையை எப்போதும் கேன்சல் செய்தால் பணம் திரும்பி வருகிற வகையாகத்தான் போடுவாள். போட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டாள். தினமும் ஒரு தடவை விலையை எட்டிப் பார்ப்பாள். இறங்கியிருந்தால் பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துவிட்டு, வாடிக்கையாளருக்குப் போன் போட்டுச் சொல்லும்போது அவள் குரலைக் கேட்க வேண்டும், லாட்டரி அவளுக்கே அடித்த மாதிரி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான வித்தை ஒன்று இருந்தது. பார்க்கின் குடும்பப் பேக்கேஜ் நான்கு பேருக்கானது. மூன்று பேர் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் ஆகிற செலவைவிட, நான்கு பேர் பேக்கேஜ் மலிவு. அதனால் ஒற்றைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவள் நாலு பேராகவே போடுவாள். "நாலாவது பேரு யாரைப் போடுறது?" என்று எல்லோரும் கேட்பார்கள். "மாமியார் பேரைப் போடுங்க சார். வரணும்னு கட்டாயம் இல்ல" என்பாள். "வராம இருந்தா இன்னும் நல்லது" என்று மறுமுனையில் சிரிப்பார்கள்.

பாதி ஊரை அங்கே அனுப்பியவள், தான் மட்டும் ஒருநாளும் போனதில்லை. கேட்டால் நேரமில்லை என்பாள். நேரம் கொட்டிக் கிடந்தது. அப்பா இருந்தவரை மாலையானால் ஓடிப்போய் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை இருந்தது. அவர் போன பிறகு அறைக்குத் திரும்பி, விளக்கைப் போட்டு, டீயைக் கலந்து, எதிர் மாடிக்காரர்களின் டிவி வெளிச்சம் தன் சுவரில் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் பார்க்குக்குத் தனியாகப் போய் நிற்க அதென்ன பல் ஆஸ்பத்திரியா? போனால் யாருடனாவது போக வேண்டும். அந்த யாருடனாவதுக்குத்தான் ஆளில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணன் போன் செய்தான். இதே ஊரின் மறுகோடியில் இருக்கிறான். காரியம் இருந்தால்தான் குரல் கேட்கும்.

"ஏம்மா, பாப்பா நச்சரிச்சுத் தள்ளுறா. பார்க்குக்கு, ரூமோட சேத்து, மூணு பேருக்கு எவ்ளோ ஆகும்?"

"மூணா எடுத்தா தண்டம்ணே. நாலு பேர் பேக்கேஜ்தான் கம்மி."

"அப்ப நாலாவே போட்டுடு. நீ பாத்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

வைத்துவிட்டான். அவள் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நாலாவது பேர் யாரைப் போடுவது என்று அவன் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அதைக் கேட்காத ஒரு ஆளையும் அவள் பார்த்ததில்லை. கேட்கவில்லை என்றால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அண்ணன், அண்ணி, பாப்பா, பிறகு யார்? நாலாவது வரியில் தன் பெயரை அடித்தாள். எழுத்துப்பிழை வந்துவிட்டதோ என்று இரண்டு தடவை பார்த்தாள்.

லீவு கேட்டபோது முதலாளி பயந்துபோனார்.

"லீவா? உனக்கா? உடம்புக்கு ஏதாவதா?"

"அண்ணன் குடும்பத்தோட பார்க்குக்குப் போறேன் சார்."

"அட! ஸ்டேஷன் மாஸ்டரே ரயில் ஏறப் போறாரு!" என்றார் விசாக்காரர். "டிக்கெட் வாங்கியாச்சா, இல்ல உங்களுக்கே நீங்க தள்ளுபடி கேட்டுட்டு இருக்கீங்களா?"

அந்த நாட்களில் அவள் கால் தரையில் பாவவில்லை. ஓட்டலுக்குப் போன் செய்து அறையில் கூடுதலாக ஒரு கட்டிலைக் காசில்லாமல் போடவைத்தாள். நடக்க வசதியாக ஷூ வாங்கினாள். பாப்பா பயந்தாங்கொள்ளி, பெரிய ரோலர் கோஸ்டரில் அவள் பக்கத்தில் தான்தான் உட்கார வேண்டும் என்று படுக்கையில் கிடந்து முடிவு செய்தாள். அண்ணனுக்கு உயரம் என்றாலே தலை சுற்றும், அவன் கீழே பைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் அண்ணி அழைத்தாள்.

"உன் அண்ணன் ஊர் பூரா டமாரம் அடிச்சிட்டுத் திரியுறாரும்மா, என் தங்கச்சி புண்ணியத்துல பாதி விலைக்கு முடிச்சிட்டேன்னு."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி."

"இன்னொரு உதவி பண்ணேன். அந்த நாலாவது டிக்கெட் சும்மாதானே கெடக்கு? என் தங்கச்சி வரேன்னு குதிக்கிறா. பேரை மாத்த முடியுமா? அதுக்குத் தனியா காசு புடிப்பாங்களா?"

திரையில் அவர்களுடைய புக்கிங்தான் திறந்திருந்தது. காலையிலிருந்தே அதைத்தான் திறந்து வைத்திருந்தாள். 'அது என் பேர்ல இருக்கு அண்ணி' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அண்ணி நாக்கைக் கடித்துக்கொள்வாள். நீயும் வாயேன், அதுக்கென்ன என்பாள். வேனில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அண்ணியின் தங்கையிடம் பிறகு தனியாக ஏதோ சமாதானம் சொல்வார்கள். வரணும்னு கட்டாயம் இல்ல என்று தானே எத்தனை மாமியார்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தினா காசு கிடையாது அண்ணி."

"அப்பாடா! ஆமா, யாரு பேரைப் போட்டு வச்சிருந்த?"

"சும்மா... ஏதோ ஒரு பேரு."

மாற்றிவிட்டாள். அலுவலகத்தில் எதையும் சொல்லவில்லை. லீவு கொடுத்தது கொடுத்ததுதான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். லீவு நாட்களை அறைக்குள் கழித்தாள். கடைக்குப் போனால்கூட அலுவலகத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனாள். இப்போது வேன் வந்திருக்கும், இப்போது காலை உணவு, இப்போது பாப்பா அந்த ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்பாள் என்று அவர்களின் பயணம் முழுவதும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. போட்டுக் கொடுத்தவள் அவள்தானே. எந்த மதியம் அறையைக் காலி செய்வார்கள் என்பதும் தெரியும். அதற்கு மறுநாள், லீவின் கடைசி நாளில், புது ஷூவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"எத்தனை பேரு மேடம்?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"ஒருத்தர்."

"எங்க குடும்பப் பேக்கேஜ் பாத்தீங்களா? நாலு பேருக்கு ரொம்ப..."

"தெரியும்."

ஒரு ஆளுக்கு எந்த வித்தையும் கிடையாது. வேறு எவரையும் கொடுக்கவிடாத முழு விலையை, கவுண்டரிலேயே, வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பார்க்கின் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். ஆனால் இந்த இரைச்சலைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பெரிய ரோலர் கோஸ்டருக்கு வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. கடைசியில் போய் நின்றவளைப் பணியாள் ஒருவர் கைகாட்டிக் கூப்பிட்டார். "தனி ஆளா? இந்தப் பக்கம் வாங்க." தனியாக வருபவர்களுக்கு வேறு வழி இருந்தது, குடும்பங்களுக்கு நடுவே விழும் ஒற்றை இருக்கைகளை நிரப்ப அவர்களை ஏற்றுவார்கள். தனி ஆளுக்கு ஒருபோதும் புக்கிங் போட்டதில்லை, அதனால் இப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. வந்த வேகத்தில் ஏற்றிவிட்டார்கள். இறங்கி மறுபடி போனாள், மறுபடி ஏற்றினார்கள். முதல் தடவை பார்த்த குடும்பம் இன்னும் வரிசையில் பாதி தூரம்கூட நகரவில்லை. அப்பா தோளில் பிள்ளை தூங்க, அம்மா எதற்கோ அவரைத் திட்ட, அவர் திரும்பி முகத்தைச் சுளித்துக் காட்ட, இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த வரிசையைத் தாண்டிப் போவதற்காக மக்கள் கூடுதல் காசு கொடுப்பதும் அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது தடவை அவளை ஒரு தாய் தந்தை மகளோடு போட்டார்கள். மகள் அவளுக்கும் தாய்க்கும் நடுவில், பாப்பா வயதுதான் இருக்கும். வண்டி உச்சியில் நின்ற நொடியில் அந்தச் சிறுமி பக்கத்தில் கிடைத்த இவள் கையைப் பாய்ந்து பிடித்தாள். யாருடைய கை என்று பார்க்கவில்லை. கீழே வந்து நின்றதும் விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினாள்.

வெளியே வரும் வழியில் போட்டோ கவுண்டர். வண்டி சரியும்போது எடுத்த படங்கள் திரையில் வரிசையாக நின்றன.

"ஓரத்துல இருக்குறவங்களை மட்டும் வெட்டிட்டுக் குடுக்க முடியுமா?" என்று அந்தத் தந்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படி வராது சார். நாலு பேரும் சேந்துதான் வரும்."

மனைவி அவர் விலாவில் இடித்தாள். அவர் திரும்பி, பின்னால் நின்றவளைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று வழிந்தார்.

"பரவால்ல. இப்ப வாங்காதீங்க சார்" என்றாள். "மூடுற நேரத்துக்கு வாங்க, பாதி விலைக்குத் தருவாங்க."

"அப்படியா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூவரும் அடுத்த ராட்டினத்தைப் பார்த்து நடந்தார்கள். அவர்கள் கண்ணிலிருந்து மறைகிறவரை காத்திருந்து, அவள் அந்தப் படத்தை முழு விலைக்கு வாங்கினாள்.

மறுநாள் காலை அவள் பையைக்கூட மேஜையில் வைக்கவில்லை, விசாக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா, வெறுங்கையோட வந்தா எப்படி? போட்டோ ஒண்ணு கூடவா எடுக்கல?"

எடுக்கவில்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். கை பைக்குள் போய்விட்டது. அவர் படத்தை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முதலாளியும் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இதா உன் அண்ணன்? உன் ஜாடை துளிகூட இல்லையே?"

"அவன் எங்க அம்மா ஜாடை சார்."

"இந்த மீசையுமா?"

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியும் விசாக்காரர் படத்தைத் திருப்பித் தரவில்லை.

"பாப்பா எப்படிப் புடிச்சிருக்கா பாருங்க. கையை விடவே இல்ல போலிருக்கே?"

"விடல" என்றாள்.