உயிரோடிருப்பவர்கள் பக்கத்தில் மூன்று பிள்ளைகள்

போன தவக்காலம் முழுக்க என்னோடு பேச ஆளில்லை. அந்தத் துக்கத்தையும் அதற்கு மாதா தந்த பதிலையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் அஞ்சாவதோடு நிறுத்தினவன். கடம்பத்தூர் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவன். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் சொந்தமாக ஐஸ் கம்பெனி. யார் தயவும் இல்லை. புயலடித்துக் கரண்ட் போனாலும் என்னிடம் ஒரு கட்டி உருகினதில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆறு ரூம் வைத்து வீடு கட்டினேன். மனைவி போன பிறகு ஒரு ரூமில்தான் லைட் எரிகிறது.

மகள் ஸ்டெல்லா திருவள்ளூரில் குடும்பமாக இருக்கிறாள். ஒன்பது வருஷம் பிள்ளையில்லை. ஆஸ்பத்திரியில் கரு உண்டாக்கி வைத்து ஒரு பையன் பிறந்தான். மிச்சம் மூன்று கரு அங்கேயே உறைந்திருக்கிறது. வைத்திருப்பதா, அழிப்பதா என்று கடுதாசி வந்தது. அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவேன் என்றாள். பிள்ளையில்லாதவர்களுக்குத் தத்துக் கொடு என்று கத்தினேன்.

"என் புள்ள வேற ஊட்ல வளர்றத பாத்துக்கினு நான் எப்டி நைனா தூங்குவேன்?"

பங்குச் சாமியாரிடம் போனேன். இப்படி உண்டாக்குவதைத் திருச்சபை ஏற்பதில்லை, ஆனால் உண்டான பிறகு அது உயிர்தான் என்றார். சரி, இன்னொருத்தி வாங்கிச் சுமக்கலாமா? அநாதையைக் காப்பாற்றுவது போல என்று சில அறிஞர்கள் சொல்கிறார்களாம். தாம்பத்தியத்துக்கு வெளியே கர்ப்பம் கூடாது என்று சிலர். எண்ணம் நல்லது, வழி சரியில்லை என்கிறதாம் ரோமையிலிருக்கும் திருச்சபைத் தலைமை.

"ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க சாமி."

"எனக்கே தெளிவில்ல பெரியவரே."

எனக்குத் தெளிவு இருக்கிறது என்று நேராகக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் போய், அந்த மூன்றுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து கொடுத்தேன். அவர் நோட்டைத் திறந்து முழித்தார்.

"இத இன்னா பக்கத்துல எழுதறது? உயிரோட கீறவங்க பக்கமா, செத்தவங்க பக்கமா?"

"உயிரோட. அதுங்க அம்மா ஸ்டெல்லா பேரையும் போடு."

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, பூசைக்கு முன் வாசித்தார்: ஸ்டெல்லாவின் உறைந்திருக்கும் மூன்று பிள்ளைகளுக்காக. அன்று அவளும் வந்திருந்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதோடு சரி. போன் அடித்தால் லாரி டிரைவராக இருக்கும். ஒரு தட்டு, ஒரு டம்ளர். நானே கழுவி நானே கவிழ்த்து வைப்பேன். முதலில் மாதாவுக்கே உத்தரவு போட்டேன், அவளுக்குப் புத்தி கொடு என்று. பெரிய வெள்ளியன்று முட்டி போட்டபோது வேறு வார்த்தை வந்தது. தாயே, எனக்குப் பேசத்தான் தெரியும். அவள் பேசட்டும், நான் கேட்கிறேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் ஐஸ் கம்பெனி வாசலில் ஸ்டெல்லா நின்றாள்.

"உன் மேல கோவம் போகல நைனா. ஊர் முன்னாடி மானத்த வாங்கிட்ட. ஆனா கையெழுத்துப் போட குந்தினா, கோயில்புள்ள படிச்சதுதான் காதுல கேக்குது. அதுங்கள ஊரறிய புள்ளைங்கன்னு சொன்னது நீ மட்டும்தான்."

அழிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"நானே சுமக்கறதா, குடுக்கறதா, தெரில. நீ ஒண்ணும் சொல்லாத. கூட இரு."

ஸ்டூல் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. நானா என்று எனக்கே ஆச்சரியம்.

வழி இன்னும் தெரியவில்லை, அவளுக்கும் எனக்கும். படித்தவர்களுக்கே தெரியாத கேள்வியோடும் மாதாவிடம் போகலாம், போய்ப் பாருங்கள். இப்போது ஞாயிறு சாயங்காலம் ஸ்டெல்லா பையனோடு வருகிறாள், இரண்டு ரூமில் லைட் எரிகிறது. மாதா மாதம் ஸ்டெல்லாவே கோயில்பிள்ளையிடம் கருத்து கொடுக்கிறாள். எந்தப் பக்கம் என்று அவர் கேட்பதில்லை.