கொழுப்பண்ணன் எடை ஏறிய கதை

எங்கள் சந்தையில் கறிக்கடைக்கும் காய்கறிக்கடைக்கும் நடுவில் என் முட்டைக்கடை. இடது பக்கம் கணவன், வலது பக்கம் மனைவி. அவர்கள் சண்டை போட்டால் என் தலைக்கு மேலேதான் போகும். முட்டையை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று இருவருக்குமே தெரியாததால் என்னை நடுவராக வைத்துக்கொண்டார்கள். சம்பளமில்லாத உத்தியோகம்.

கறிக்கடைக்காரரைச் சந்தை முழுக்கக் கொழுப்பண்ணன் என்றுதான் கூப்பிடும். ஒரு காரணம், அவர் வாய். இன்னொன்று, ஒரு கிலோ கறி கேட்டால் கால் கிலோ கொழுப்பைச் சொருகிவிட்டு, "அதுலதாங்க சத்தே இருக்கு" என்று சாதிப்பார். போதாக்குறைக்குத் தன் எடைக்கற்களின் அடியைக் குடைந்து வைத்திருந்தார். எங்களிடம் இன்னும் தட்டுத் தராசுதான். அவர் கடைக் கிலோ வேறு கிலோ என்பது ஊரறிந்த ரகசியம்.

காய்க்காரக்கா அப்படியே நேர் எதிர். தட்டு தரையைத் தொட்டாலும் மேலே ஒரு பிடி கீரையைப் போட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். தன் கற்களின் தலையில் பச்சைப் பெயிண்ட் அடித்து, கழுவித் துடைத்து வைப்பார். கறி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் கறிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டது ஏன் என்று கேட்டால், "புத்தி மேயப் போயிருந்துச்சுடா தம்பி" என்பார்.

"உன் காயத் தின்னுதானடி ஆடு வளருது? அந்த ஆட்டத்தானே நான் விக்கிறேன்? உன் கடைச் சத்தெல்லாம் என் கடைக்கு வந்துதான் சேருது" என்று அண்ணன் ஆரம்பிப்பார்.

"உங்க கறியத் தின்னவனெல்லாம் நாலு படி ஏறுறதுக்குள்ள நாக்குத் தள்ளி நிக்கிறான். அதுக்கு என்ன சொல்றீங்க?" என்பார் அக்கா.

தினமும் இதுதான். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், ஒரு நாள் இல்லையென்றால் வியாபாரமே ஓடாதது போலவும் இருக்கும்.

பிறகு அண்ணனுக்கு வயிற்றில் கட்டி வந்தது.

கண்டுபிடித்தபோதே ஆள் பாதியாகிவிட்டார். கட்டியை அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் இந்த உடம்பு அறுவை சிகிச்சையைத் தாங்காது என்றார் டாக்டர். நாற்பத்து நாலு கிலோ இருந்தார். நாற்பத்தாறுக்குக் கொண்டுவாருங்கள், உடனே தேதி தருகிறேன் என்றார். இரண்டே கிலோ. வாழ்நாளெல்லாம் கிலோ கிலோவாக வெட்டித் தள்ளியவருக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். அக்கா சளைக்காமல் சுரைக்காயைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

"நூறு கிராம் கொழுப்புக் கறியில முன்னூறு கலோரி பக்கம் இருக்கும்மா. அதே நூறு கிராம் சுரைக்காயில பதினஞ்சுதான், மிச்சம் தண்ணி. நல்லா இருக்கறவங்களுக்கு நானே சுரைக்காயத்தான் சொல்வேன். இவருக்கு அது வயித்த நிரப்பும், உடம்ப நிரப்பாது" என்றாளாம் அந்தப் பெண்.

அண்ணன் சந்தைக்கு வந்து என் கடை முன்னால் நின்று கத்தினார். "டேய் முட்டை! இருபது மடங்காம்டா! படிச்ச பொண்ணு சொல்லிடுச்சு. இவள இனிமே வாயத் திறக்கச் சொல்லு பார்ப்போம்!" "சரிங்க, கறியே தின்னுங்க, எடை ஏறுனா போதும்" என்றார் அக்கா. தோற்றதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் கறி இறங்கவில்லை. வாயில் வைத்தால் குமட்டியது, பிறகு வாசனைக்கே குமட்டியது. தன் கடைக்குள் தன்னாலேயே நிற்க முடியாமல் கடையைச் சாத்தினார். நான் கொடுத்தனுப்பிய முட்டையும் அதே கதிதான். மசித்த சுரைக்காய் மட்டும் தங்கியது. கிண்ணம் கிண்ணமாக அதைச் சாப்பிட்டார், வயிறு நிறைந்தது என்றார், இளைத்துக்கொண்டே போனார்.

"என் பொருளே இவரக் கொல்லுதுடா" என்று அக்கா என்னிடம் அழுதார். எனக்கு அந்தச் சுரைக்காயைப் பார்க்கவே கோபமாக வந்தது.

ஒரு நாள் அக்கா வேறொரு கறிக்கடையில் கொழுப்பு வாங்கிக்கொண்டு போனார். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அதை உருக்கி வடிகட்டி, சுரைக்காய் மசியலில் கலந்தார். நான் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். முதல் வாயிலேயே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கொழுப்பை அவருக்குத் தெரியாமல் யாரால் கொடுக்க முடியும்? அக்காவின் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வெளியே வந்தது. அக்கா தரையைத் துடைத்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு கிலோ ஏறியிருந்தது. அதற்கடுத்த முறை நாற்பத்தாறு. தேதி கொடுத்துவிட்டார்கள். அக்கா சந்தைக்கே கேட்கும்படி பேசினார், எனக்குச் சும்மாவே வெள்ளரிக்காய் கொடுத்தார், வாடிக்கையாளர்களிடமெல்லாம் சுரைக்காயின் பெருமையை அளந்தார். எனக்குக் கண் இருந்தது, அண்ணனின் கழுத்தெலும்பு தெரிந்தது. இருந்தாலும் ஆஸ்பத்திரி எந்திரம் பொய் சொல்லாது என்று நானும் நம்பினேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அக்காவின் கடையை நான்தான் பார்த்துக்கொள்வேன். முதல் முறை ஒரு கிலோ கல்லைக் காணோம். இரண்டாம் முறை அதோடு இரண்டு கிலோ கல்லையும் காணோம். முட்டைக்காரனுக்கு எண்ணிக்கைதான், எடை இல்லை, என்னிடம் ஏது கல்? சுமை தூக்குகிறவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு வெங்காயக் கடையில் கடன் வாங்கிச் சமாளித்தேன். மறுநாள் பார்த்தால் கற்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

சேர்க்கிற அன்று பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நர்ஸ் ஆஸ்பத்திரி உடுப்பைக் கொடுத்து, மாற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை எடை பார்க்கச் சொன்னார். மயக்க மருந்து எடைக்குத் தகுந்த அளவுதானாம். அண்ணன் மாற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். எந்திரத்தில் காலை வைத்தபோது இடுப்பில் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது. இரண்டு கற்கள் தரையில் விழுந்து உருண்டன. இரண்டுக்கும் தலையில் பச்சைப் பெயிண்ட்.

எந்திரம் நாற்பத்து மூன்று காட்டியது.

டாக்டர் வந்து கத்தினார். "அந்த எடைக்கு மருந்து குடுத்திருந்தா மேசையிலேயே போயிருப்பீங்க. தெரியுமா?" அண்ணன் தலையாட்டினார். அறுவை சிகிச்சை இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா மடியில் கற்களை வைத்திருந்தார்.

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?"

"எப்படியாவது அறுத்துடுவாங்கன்னு நெனச்சேன். அப்புறம், ஏறிருக்குன்னு சொன்ன அன்னிக்குத்தான் நீ தூங்குனே."

அக்கா ஒரு கல்லை முந்தானையால் துடைத்தார். "அதுக்கு என் கல்லுதான் கெடைச்சுதா? உங்ககிட்ட இல்லாத கல்லா?"

"என் கல்லு எடை குறையும்ல" என்றார் அண்ணன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். அண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரையே ஏமாற்றியவர் கடைசியில் தன்னையே ஏமாற்றிக்கொண்டாரே என்று தாங்கவில்லை.

அதன் பிறகு அதிக நாள் இல்லை. கடைசி வரை சுரைக்காய்தான். அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். நான்கு பேர் தேவைப்பட்டிருக்காது.

அக்கா மறுபடி கடை போட்டார். சுரைக்காய் மட்டும் வாங்கி வைப்பதில்லை. என் இடது பக்கம் இப்போது செருப்புக்கடை. தலைக்கு மேல் சத்தமே இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் ஒரு புது வாடிக்கையாளர் தக்காளி வாங்க வந்தாள். பெயிண்ட் உதிர்ந்த கல்லைக் கையில் எடுத்துத் திருப்பி, அடியைப் பார்த்தாள். "எடை சரியா இருக்குமா?"

அக்கா கல்லை வாங்கித் தட்டில் வைத்தார்.

"சரியா இருக்கும்மா. எங்க வீட்டுக்காரர் சோதிச்சுப் பார்த்த கல்லு."