எஃப் டூவும் என் வயிற்றெரிச்சலும்

அருள்புரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் துணிப் பரிசோதனை லேபில் என் மனைவி என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் மாமா. அவளை அங்கே சேர்த்துவிட்டவன் நான். மைக்ரோஸ்கோப் கேமராவை எப்படி வைப்பது, படத்தைக் கம்ப்யூட்டரில் எப்படித் திறப்பது, எந்த மெனுவுக்குள் எது இருக்கிறது என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் லேபில் இப்போது ஒருத்தருக்கும் இது ஞாபகமில்லை.

வேலை இதுதான். பின்னல் துணியைத் தேய்க்கிற பெட்டிக்குள் போட்டுச் சுற்றவிட்டு எடுத்தால், மேலே சின்னச் சின்ன உருண்டைகள் எழும்பியிருக்கும். பில்லிங் என்போம். பழைய டீ ஷர்ட் வைத்திருக்கிற எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள். அந்தத் துணியைப் படம் பிடித்து, சாஃப்ட்வேரில் கறுப்பு வெள்ளையாக்கி, உருண்டை எது துணி எது என்று பிரிக்கிற அளவைக் கூட்டிக் குறைத்து, எண்ணவைத்து, ரிப்போர்ட்டில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மெனு மெனுவாக ஏறி இறங்க வேண்டும். அதில் என் கைவேகம் பேர்பெற்றது. மவுஸ் என் கையில் இருந்தால், திரையில் எதைத் தொட்டேன் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. லேபைப் பார்க்க வருகிறவர்களிடம் முதலாளியே என்னைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார்.

இவள் சேர்ந்து சில மாதத்தில் மெனுவுக்குள் போவதையே நிறுத்திவிட்டாள். அந்த சாஃப்ட்வேரில் ரெக்கார்டர் என்று ஒன்று உண்டு. அதைத் திறந்துவைத்துக்கொண்டு வேலையைச் செய்தால், நாம் செய்கிற ஒவ்வொன்றையும் வரி வரியாக எழுதிக்கொள்ளும். அந்த வரிகள்தான் மேக்ரோ. அதை ஏதாவது ஒரு கீயோடு சேர்த்துவிட்டால், பிறகு அந்தக் கீயைத் தட்டினால் போதும், அத்தனையும் தானாக நடக்கும். அந்த ரெக்கார்டரை நானும் வருஷக்கணக்காக மெனுவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததோடு சரி. அவள் திறந்தாள். வெளிர் துணியின் பில்லிங்குக்கு எஃப் டூ, அடர் நிறத்துக்கு எஃப் த்ரீ, பின்னலின் கண்ணிகளை எண்ணுவதற்கு எஃப் ஃபோர். வலது கை துணியை நகர்த்திக்கொண்டிருக்கும்போது இடது கைக்கு எட்டுகிற கீயாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு. படம் கறுத்து, வெளுத்து, எண்ணிக்கை வந்து நிற்கும். நான் அப்போது இரண்டாவது மெனுவில் இருப்பேன்.

கட்டினவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். எனக்கு இவள் வேண்டிய பெண்டாட்டிதான். ஆனாலும் அந்த எஃப் டூவில் அவள் விரல் பட்டாலே குற்றமாகத் தெரிந்தது. என் கம்ப்யூட்டரிலும் அந்தக் கீகளைப் போட்டுக்கொடுத்தாள். நான் தொடவில்லை. எனக்கு மவுஸே போதும் என்று வீம்பாகச் சொன்னேன். அவள் சரிங்க சார் என்று போய்விட்டாள்.

ஒரு நாள், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே துணி வாங்குகிற பையிங் ஹவுஸ்காரர் ஒருவர் துணி மாதிரிகளோடு வந்தார். பல வருஷப் பழக்கம். நான் எழுந்து கை நீட்டினேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, மேடம் இல்லீங்களா என்றார். டீக்குப் போயிருக்கிறாள் என்றேன். பரவாயில்லை, இருந்து அவரிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று என் எதிரிலேயே உட்கார்ந்து போனைப் பார்க்கத் தொடங்கினார். என் கையில் மவுஸ் சும்மா இருந்தது. அவர் மடியில் துணி சும்மா இருந்தது. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

அப்புறம்தான் எனக்கும் ஒரு மேக்ரோ வேண்டும் என்று தோன்றியது. அவள் தங்கையின் வளைகாப்புக்கு லீவு போட்டிருந்த நாளில் ரெக்கார்டரைத் திறந்தேன். அவளுக்கு நிறத்துக்கு ஒரு கீ. நான் எல்லா நிறத்துக்கும் ஒரே கீயாகச் செய்துகாட்டுவேன். ஆனால் ரெக்கார்டர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றதும் என் கை தடுமாறியது. அளவை ஏற்றிவிட்டேன், படம் முழுக்கக் கறுத்தது. பழையபடி ஆக்கினேன். குறைத்தேன், முழுக்க வெளுத்தது. அதையும் பழையபடி ஆக்கினேன். நடுவில் மெனு மாறிப் பட்டு, படம் தலைகீழாகத் திரும்பியது. அதை நிமிர்த்தினேன். கடைசியில் எண்ணிக்கை சரியாக வந்தது. வந்த சந்தோஷத்தில் அப்படியே எஃப் ஃபைவில் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் அதே பையிங் ஹவுஸ்காரர், முதலாளி, அவள், மூன்று பேரும் இருக்கிற நேரமாகப் பார்த்து எஃப் ஃபைவைத் தட்டினேன். படம் கறுத்தது, பழையபடி ஆனது, வெளுத்தது, பழையபடி ஆனது, தலைகீழாகப் போய் நிமிர்ந்தது. என் முந்தின நாள் தடுமாற்றம் முழுவதையும் ஒன்று விடாமல் ஊர் பார்க்க நடத்திக் காட்டியது.

"ஏனுங், படம் எதுக்குங்க குட்டிக்கரணம் போடுது?" என்றார் முதலாளி.

அவள் சிரிக்கவில்லை. வந்து குனிந்து மேக்ரோவைத் திறந்து, வேண்டாத வரிகளை அழித்துவிட்டு, இப்பத் தட்டுங்க சார் என்றாள். தட்டினேன். ஒழுங்காக நடந்தது. சிரித்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

இதற்கிடையில் அவிநாசியில் எங்கள் லேபுக்குக் கிளை கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்சார்ஜ் நான்தான் என்று எனக்குள் முடிவே செய்திருந்தேன். மேஜையை வாசலைப் பார்த்துப் போடுவதா, ஜன்னலைப் பார்த்துப் போடுவதா என்பதுவரை யோசித்தாயிற்று. ஒரு மத்தியானம் முதலாளி என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டீ சொன்னார். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவிநாசிக்கு நம்ம அம்மணிய இன்சார்ஜாப் போடலாம்னு இருக்கறனுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

டீ நாக்கைச் சுட்டது. முதலில் வந்தது பொறாமை. அதன் பின்னாலேயே இன்னொன்று புரிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பதவி கொடுப்பதென்றாலும் புருஷனை ஒரு வார்த்தை கேட்பார்கள். நான் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. காரணங்கள் வரிசையில் வந்து நின்றன. பையனின் ஸ்கூல், பஸ், தூரம், வயசான அம்மா. எல்லாம் மரியாதையான காரணங்கள். ஒருத்தரும் பொறாமை என்று சொல்ல மாட்டார்கள். டீயைக் கடைசிச் சொட்டுவரை மெதுவாகக் குடித்தேன். அந்த இடம் எனக்கே வந்தாலும், அங்கே உட்கார்ந்து நான் தட்டப்போவது அவள் போட்ட கீயைத்தான். அந்த நினைப்புதான் என்னைத் தடுத்தது. பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

அவளுக்குச் சரி என்றால் எனக்கும் சரி என்றேன். என் முகம் எப்படி இருந்ததோ, முதலாளி இன்னொரு டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பல்லடம் ரோட்டில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினேன். இப்படிப்பட்ட செய்தியை வண்டியில் போய்க்கொண்டே சொல்லக்கூடாது என்று இருந்தது. ஆளுக்கொரு பப்ஸ் வாங்கிவைத்துக்கொண்டு, வரம் கொடுக்கிற சாமி மாதிரி விஷயத்தைச் சொன்னேன். முதலாளி கேட்டார், யோசித்துப் பார்த்தேன், சரி என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கண் கலங்கும், அல்லது நெஜமாவா மாமா என்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் பப்ஸை மென்று முடித்தாள். "தெரியுமுங்க மாமா. என்னையத்தான் மொதல்ல கேட்டாங்க. நான் அன்னைக்கே சரின்னுட்டேன்" என்றாள்.

அப்புறம் எதற்கு என்னைக் கேட்டார் என்றேன்.

"நாந்தான் உங்களையும் ஒரு வார்த்தை கேக்கச் சொன்னேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கோணும்னு இருந்துச்சு."

சட்டையில் உதிர்ந்திருந்த துகளைத் தட்டிவிட்டுக்கொண்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தன்னா?"

"அப்பவும் போயிருப்பேனுங்க" என்றாள். "உங்ககூடப் பேச்சு மட்டும் இருந்திருக்காது."