சீல் போட்ட கறி

சிரித்தால் சிரித்ததோடு விட வேண்டியதுதானே? ஏன் சிரிச்சே ஆயா, ஏன் சிரிச்சே என்று பின்னாலேயே வந்து நச்சரிக்க இதில் என்ன கிடக்கிறது? பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் இந்த அக்கறை வருமா உனக்கு? வாசலுக்கு வந்த கோழிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டெஸ்ட் பண்ணது ஆயா, அதான் விலை கூட" என்றாய். யார் டெஸ்ட் பண்ணினார்கள் என்று கேட்டேன். "அதான் மேலே போட்டிருக்கே" என்றாய். அதற்குத்தான் சிரித்தேன். சரி, உட்கார். கேட்டு முடித்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இந்தக் கதையில் நான் நல்லவள் இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பம்மலில் இருந்தோம். தோல் கம்பெனிகளின் வாசம் பஸ் நிறுத்தத்திலேயே வந்து கூட்டிப் போகும். அது நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். தோலிலிருந்து மயிர் கழன்று வருவதற்காக ஊறப்போடும் குழி. ஆட்டுத் தோல் எது, ஆள் தோல் எது என்று அந்தத் தண்ணீருக்குத் தெரியாது. மாமாவின் விரலிடுக்கெல்லாம் வெந்துபோய், சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார். "மாமா துரை மாதிரி துன்றாரு" என்பேன். வீடே சிரிக்கும். என் பேச்சுக்கு நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் மாமா அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலிலேயே கறிக்கடை போட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். மற்ற நாளெல்லாம் ஆடு தேடிச் சந்தை சந்தையாக அலைவார். விரல்களில் மெல்ல புதுத்தோல் வந்தது. கடை படுத்தால் மறுபடியும் குழிதான் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சாமிக்கு ஞாபகப்படுத்துவாள்.

அடுத்த தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். வேதக்காரர், தனி ஆள். சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். எனக்கு மட்டும் காசு வாங்கமாட்டார். அடுத்த வருஷம் தாம்பரத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் இவளைச் சேர்த்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சர்க்கார் ஆடறுக்கும் ஆட்டுத்தொட்டியில் டாக்டர் பார்த்து, தொடையில் சீல் குத்திய கறியைத்தான் வாங்குவார். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாவரத்துக்குப் பஸ் ஏறுவார். விலையும் அங்கே கூட.

மாமா ஒருமுறை வழிமறித்துக் கேட்டார். "நம்மது தங்கமான ஆடு டீச்சர். நானே பல்லைப் புடிச்சுப் பாத்து இட்டுகினு வரேன்."

"நல்ல ஆடாவே இருக்கட்டும். டாக்டர் பார்த்தாரா?"

தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தோம். சீலையா கொழம்பு வைக்கப் போறாங்க என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். ஆனால் அந்த மழைக்காலத்தில் எங்கோ சீக்கு ஆட்டை அறுத்து விற்றார்களாம் என்று ஒரு பேச்சு பரவியது. சிரித்த வாயெல்லாம் அடுத்த ஞாயிறு, "சீல் கீதா?" என்று கேட்டது. அன்றைக்குப் பாதி ஆடு மத்தியானம் வரை ஈ மொய்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா வாசலுக்கே வரவில்லை.

அதற்கடுத்த வாரம் மாமா கடையிலும் சீல் வந்துவிட்டது. தோல் கம்பெனியில் இருந்த சிநேகிதனிடம் கேட்டு மாமா வாங்கி வந்தது. மரப்பிடி போட்ட ரப்பர் முத்திரை. அங்கே சில தோலை மட்டும் தனியாக எடுத்து, இந்த முத்திரையைக் குத்தி, ஓர் ஓரமாக அடுக்குவதை மாமா வருஷக்கணக்காகப் பார்த்திருந்தார். தனியாக எடுத்து வைத்தால் அது உசத்தி என்பது மாமாவின் முடிவு. மை டப்பாவைப் பிடிப்பது என் வேலை. ஊதா மையில், என் உள்ளங்கை அகலத்துக்கு இங்கிலீஷ் எழுத்து பளிச்சென்று விழும்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மாமா விலையையும் கொஞ்சம் ஏற்றினார். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. சீல் இருக்கும் துண்டுதான் வேண்டும் என்று அடித்துக்கொண்டார்கள். ஆட்டுக்கு ஒரு தொடையில் குத்தினால் போதாமல், கழுத்து, முதுகு, விலா என்று குத்தினோம். அந்த ஆடு கடைசியில் பூப்போட்ட சட்டை மாட்டியதுபோல் தொங்கும்.

நாலாவது ஞாயிறு, சர்ச் முடிந்து டீச்சர் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். "சீல் போட ஆரம்பிச்சுட்டீங்களாமே, ரொம்ப சந்தோஷம்" என்று பையை நீட்டினார். கடைசித் தொடை ஒன்றுதான் மிச்சம். அதற்காக எதிர்வீட்டு அக்காவும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். டீச்சர் சீலைப் பார்த்தார். நீட்டிய பை கீழே இறங்கியது.

நான் சும்மா இருப்பேனா? டீச்சருக்கு என் படிப்பைக் காட்ட வேண்டாமா? விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன். "ஆர், இ, ஜே, இ, சி, டி!"

"யம்மாடி, இன்னாமா படிக்குது பாரு!" என்று அக்கா கன்னத்தில் கைவைத்தாள். "அப்டின்னா இன்னா டீச்சர்?"

எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம். டீச்சர் மாமாவின் கையைப் பார்த்தார். கத்தியைப் பிடித்திருந்த அந்த விரல்களின் இடுக்கில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"அப்புறமா சொல்றேம்மா. இந்தத் தொடை முழுசா எனக்கு வேணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"படிச்சவங்க ஆசையைப் பாத்தியா" என்று முணுமுணுத்தபடி மூன்று பேரும் வெறும் தூக்குடன் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் டீச்சர் மாமாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அது உதவாது என்று கழித்துவிட்ட தோலுக்குக் குத்தும் முத்திரையாம்.

மாமா வெட்டுக்கட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "தனியா எடுத்து வைப்பாங்களே டீச்சர்?"

"தூக்கிப் போடறதுக்குத்தான்."

முத்திரையை டீச்சர் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கறிக்குக் காசு கொடுத்தார். அதை யாருக்கும் விற்காமல் புதைத்துவிடச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து ஆட்டை ஆட்டுத்தொட்டிக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்ட வேண்டும், விலை எவ்வளவு கூடினாலும் தான் தவறாமல் வாங்குவேன், நடந்ததை ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன் என்றார். மாமா கும்பிட்டார். நான் பக்கத்தில் மை டப்பாவோடு நின்றேன்.

அடுத்த ஞாயிறு நிஜ சீல் வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. எட்டணா அளவுக்கு ஒரு வட்டம். பாதி அழிந்து, என்ன எழுத்து என்றே தெரியவில்லை. போக வர செலவும் கட்டணமும் சேர்ந்ததால் விலை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"இன்னாப்பா, துட்டைப் பெருசாக்கிட்டு சீலைச் சின்னதாக்கிட்டே?" என்றாள் அக்கா. பழைய சீல்தான் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். மாமா கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பழைய சீல் எங்கேடி போச்சு? தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்களே!

"டீச்சர் தூக்கினு பூட்டாங்க. அவங்க வூட்டுக் கறிக்கு மட்டும் குத்திக்குவாங்களாம்" என்றேன்.

குடம் நழுவும் அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்து முடித்த அக்கா சட்டென்று நின்றாள். "அதான் அன்னிக்கு முழுத் தொடையும் வாங்கிச்சா?"

அவ்வளவுதான். விளையாட்டுப் பேச்சுக்குக் கைகால் முளைத்துவிட்டது. நல்ல கறி டீச்சருக்கு, கழிசடை நமக்கு என்று தெரு பேசியது. டாக்டர் பார்த்த கறி மாமா கடையில் தொங்கியது. ஜனங்கள் சீலே இல்லாத வேறு கடையில், விலை குறைவு என்று வாங்கினார்கள். டியூஷனுக்குப் போன பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றார்கள். கடை மூடும் ஞாயிறு வரைக்கும் வாசலுக்கு வந்து, கேட்ட விலையைக் கொடுத்துக் கறி வாங்கியது டீச்சர் ஒருத்தர்தான். பொங்கலுக்கு முன்னாலேயே மாமா குழிக்குத் திரும்பிவிட்டார். மறுபடியும் கரண்டி. இந்தமுறை நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

டீச்சர் காதுக்கு இதெல்லாம் போகாமலா இருந்திருக்கும்? சீலில் இருந்தது என்ன வார்த்தை என்று ஒருமுறை சொல்லியிருந்தால் அவர் பெயர் அன்றே சுத்தமாகியிருக்கும். சொல்லவில்லை. என்னைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசாமல் இருப்பவர்களிடம் பதில் இல்லை என்றுதான் பத்து வயதில் நான் நினைத்திருந்தேன்.

கோடை லீவில் மாற்றல் வாங்கிக்கொண்டு டீச்சர் ஊரைவிட்டே போனார். சாமான் ஏற்றும்போது என் தலையில் கைவைத்து, "அன்னைக்கு ஒரு எழுத்துகூடத் தப்பில்லாம படிச்சே. படிக்கறதை விட்டுடாதே" என்றார். திட்டுவார் என்று பயந்து போயிருந்த எனக்கு, அவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. தாம்பரம் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போக அதற்கப்புறம் ஆள் இல்லை.

வண்டி திரும்பியதும் அக்காவும் மற்றவர்களும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் உன்கிட்ட இன்னாடி சொன்னாங்க, ஏன் போறாங்களாம் என்று. நான் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு சொன்னேன்: "நம்ம ஊரு கறி அவங்களுக்குப் புடிக்கலையாம்."